குடியிருக்க அவகாசம்

ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சட்டசபை கூடும் நாட்களில் எனக்கு வேறு மாதிரிதான் விடிகிறது. குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டி, காப்பியைக் குடித்துவிட்டு நிற்கும்போதுதான் அங்கே எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அப்புறம் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். கேள்வி நேரத்தைக் காட்டுகிறார்கள், கூச்சலைக் காட்டுகிறார்கள், வெளிநடப்பைக் காட்டுகிறார்கள். நான் காத்திருப்பது அதற்கெல்லாம் இல்லை. பிற்பகலில், பாதி நாற்காலிகள் காலியான பிறகு, ஒரு மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுப்பார்களே, அதற்குத்தான். அந்த நேரம் பார்த்துச் செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

மசோதா செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களில், நம் சபையின் வேலையெல்லாம் மலையாளத்தில்தான் என்றாலும், தமிழ் தெரிந்தவர்களும் உண்டு என்று பழைய சகா ஒருவர் சொன்னார். உங்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நடைமுறை விதிகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகம் உங்கள் மேஜையில் இருக்கும். ஒரு மசோதா எந்தெந்த மேஜைகளைத் தாண்டி எங்கே போகும் என்பதையும் பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு திருத்தத்தைப் பற்றி. ஒரு வரிதான் இருக்கும். என் வேலைக் காலம் முழுவதையும் நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு வரிதான் மேலே வந்து நிற்கிறது.

எனக்கு வேலை பழக்கிய எங்கள் கூடுதல் செயலாளர் ஒன்று சொல்வார். ஜெயிக்கப் போகிற திருத்தத்துக்குப் பின்னால் மந்திரி இருக்கிறார், இலாகா இருக்கிறது, சட்டத்துறை இருக்கிறது. நாம் தூங்கினாலும் அது ஜெயித்துவிடும். தோற்கப் போகிற திருத்தத்துக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை. அதனால் அதைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும் என்பார். திருத்தம் கொடுப்பது உறுப்பினரின் உரிமை, அதை ஏற்பதும் தள்ளுவதும் சபையின் இஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த மேஜையில் தங்கிப்போய் ஒரு திருத்தம் சபைக்குப் போகாமல் இருந்தால் அதைவிடப் பெரிய பாவம் இந்த வேலையில் இல்லை. இதை அவர் கோபமாகச் சொல்லமாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

பாக்கியம் முதல் தடவை எங்கள் அறைக்கு வந்தபோது அவர் உறுப்பினர் என்று எனக்குத் தெரியவில்லை. புதிய சபை அப்போதுதான் கூடியிருந்தது. கைத்தறிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. கதவருகே நின்றுகொண்டு, இங்கே தமிழ் படிக்கத் தெரிந்த மேடம் யார் என்று கேட்டார். நான் எழுந்து, "வாங்கோ, உக்காருங்கோ" என்றேன். எங்கள் ஸ்ரீவராகத்து அக்ரஹார வீட்டுப் பேச்சு அவசரத்தில் அப்படியே வந்துவிடும். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் எஸ்டேட்டில் ஒரு பழைய கணக்கப்பிள்ளையின் சம்சாரம் இப்படித்தான் பேசுவாளாம். பிறகு உட்கார்ந்து, தான் மலைத் தொகுதியிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்.

தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர். தொழிலாளர் சங்கத்தில் பேசிப் பேசி மேலே வந்து, எதிர்க்கட்சி வரிசையில் ஒரு சின்னக் கட்சியின் உறுப்பினராகச் சபைக்குள் நுழைந்திருந்தார். தமிழ் நன்றாகப் படிப்பார், எழுதுவார். மலையாளம் சந்தையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பேசுகிற அளவுக்கு வரும், எழுத்துத் தெரியாது. சபையில் தமிழில் பேச மொழிச் சிறுபான்மை உறுப்பினருக்கு இடம் உண்டு. அவர் தமிழில்தான் பேசினார். பலருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கேட்டார்கள்.

அந்த வருஷம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு என்று ஒரு மசோதா வந்தது. நல்ல மசோதாதான். லயங்களைப் பழுது பார்க்கவும் புது வீடு கட்டவும் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துவது அதன் நோக்கம். லயம் என்றால் உங்களில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளமாக ஒரே கூரை, அதை அறை அறையாகத் தடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. அந்த மசோதாவின் நடுவில் ஒரு பிரிவு, வேலையிலிருந்து விலகியவர் குறிப்பிட்ட நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது. மசோதாவைப் படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். நானும்தான். பாக்கியம் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் கணவர் தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தவர். மார்வலியில் திடீரென்று போய்விட்டார். லயத்து அறை வேலை செய்கிறவர் பேரில் இருப்பது. பேர் போனால் அறையும் போகும். வீட்டிலிருந்து யாராவது வேலைக்கு வா, இல்லையென்றால் காலி பண்ணு என்று ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பாக்கியம் கைப்பிள்ளையைப் பக்கத்து அறை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போனார். இதை அவர் அழுகை இல்லாமல்தான் சொன்னார். சொல்லி முடித்து, "எல்லாரும் வேலைக்குப் போய் வீடு வாங்குவாங்க மேடம். நான் வீட்டுக்காகத்தான் வேலைக்குப் போனேன்" என்றார்.

அந்தப் பக்கத்து அறை அக்காவுக்கு இப்போது வயதாகி வேலை முடியப் போகிறது. பிள்ளை குட்டி கிடையாது. புதுச் சட்டம் வந்தால் எழுத்திலேயே அவளை வெளியே போகச் சொல்லலாம். அதனால் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தமிழில், முத்து முத்தான கையெழுத்தில்: 'மாற்று வீடு கிடைக்கும் வரை அங்கேயே குடியிருக்க அவகாசம் தரப்பட வேண்டும்.'

வாங்கிய உடனே தாளின் தலையில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். திருத்தம் கொடுக்கும் கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது. பிறகு உட்கார்ந்து மலையாளத்தில் பெயர்த்தேன். அவகாசம் என்ற இடத்தில் 'சமயம்' என்று போட்டேன். மலையாளத்தில் காலத்துக்கு அதுதான் சொல். பெயர்த்ததை டைப் செய்து, சரிபார்த்து, மேலே அனுப்பும்போது கெடு தாண்டிவிட்டது.

அங்கேதான் முதல் சிக்கல் வந்தது. மசோதாவைக் கொண்டுவந்த இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். தமிழில் பேசலாம் என்றுதான் விதியில் இருக்கிறது, தமிழில் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று இல்லை. ஆகவே மலையாளத் தாள் வந்த நேரம்தான் நேரம், அது தாமதம், சேர்க்காதீர்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு உதவி செய்கிறவர் மாதிரியே பேசினார். எங்கள் செக்‌ஷனிலேயே ஒருவர், வம்பு வேண்டாம், மலையாளத் தாளிலும் முந்தின நேரத்தையே போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நல்ல எண்ணத்தோடு சொன்னார்.

இரண்டையும் நான் செய்யவில்லை. நேரத்தைத் திருத்தினால் அந்தத் திருத்தம் பொய்யின் மேல் நிற்கும். யாராவது இழுத்தால் சரிந்துவிடும். உள்ளதை உள்ளபடி ஒரு குறிப்பாக எழுதிக் கூடுதல் செயலாளரிடம் கொண்டுபோனேன். உறுப்பினர் தன் கையால் தாளைக் கொடுத்த நேரம் இது, நாம் பெயர்த்து முடித்த நேரம் இது. பெயர்ப்பது நம் வேலை. நம் வேலைக்கு ஆன நேரத்தை உறுப்பினரின் கணக்கில் எழுதலாமா?

அவர் படித்தார். கடைசிக் கேள்வியை மட்டும் அடித்தார். சபாநாயகரிடம் நாம் கேள்வி கேட்கக்கூடாது, நடந்ததைச் சொன்னால் போதும், கேள்வி அவருக்கே தோன்றும் என்றார். அப்படியே தோன்றியது. திருத்தம் அனுமதிக்கப்பட்டு, எண் போட்டுப் பட்டியலில் ஏறியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. இலாகா உட்கார்ந்து படித்துப் பார்த்ததில், மாற்று வீடு கட்டுகிற கடமை எப்படியும் கம்பெனிக்கு இருக்கும்போது அதுவரை சமயம் கொடுப்பதில் நஷ்டமில்லை என்று தோன்றியிருக்கிறது. மந்திரி ஏற்றுக்கொள்வார் போலிருக்கிறது என்று எங்களுக்குச் செய்தி வந்தது. எதிர்க்கட்சிப் பின்வரிசையிலிருந்து வந்த திருத்தம் ஏற்கப்படுவது எவ்வளவு அபூர்வம் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

மசோதா எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் நான் அதிகாரிகள் உட்காரும் பகுதியில் கூடுதல் செயலாளருக்குப் பக்கத்தில் இருந்தேன். பிற்பகல். மழை மூட்டம். அந்தப் பிரிவு வந்ததும் சபாநாயகர் பாக்கியத்தை அழைத்தார். பட்டியலில் உள்ள எண்ணைச் சொல்லி, திருத்தத்தை முன்மொழிகிறேன் என்றால் போதும். பலரும் அப்படித்தான் செய்வார்கள். பாக்கியம் எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, தமிழில் முழு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். குடியிருக்க அவகாசம் தரப்பட வேண்டும்.

சபையில் ஒரு சலசலப்பு. எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மலையாளத்தில் அவகாசம் என்று காதில் விழுந்தால் அதற்கு உரிமை என்று அர்த்தம். அவர்கள் எழுத்தில் 'ச' வேறு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் வீடுகளில் பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் கலந்தே ஓடுகிறது. எந்த வார்த்தை எந்தப் பக்கம் என்று யோசிப்பதே இல்லை. தாளில் நான் சரியாகத்தான் பெயர்த்திருந்தேன். ஆனால் அங்கே இருந்தவர்கள் தாளைப் பார்க்கவில்லை, அவர் குரலைக் கேட்டார்கள். லயத்து வீட்டில் குடியிருக்க உரிமை தரவேண்டும் என்று ஒரு பெண் எழுந்து நின்று கேட்கிறாள் என்றே கேட்டார்கள்.

ஆளும் வரிசையிலிருந்து ஒருவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அச்சிட்ட பட்டியலில் சமயம் என்று இருக்கிறது. உறுப்பினர் முன்மொழிவது உரிமையை. இது வேறு திருத்தம், இதற்கு நோட்டீஸ் இல்லை. தவிர, கம்பெனியின் கட்டடத்தில் உரிமை கொடுப்பது இந்த மசோதாவின் எல்லைக்கே வெளியே என்றார். உடனே எதிர்க்கட்சி முன்வரிசை எழுந்தது. ஆமாம், உரிமையைத்தான் கேட்கிறோம், திருத்தம் கொடுக்கிற உரிமையைப் பறிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு நிமிஷம் முன்புவரை அந்தப் பிரிவு என்னவென்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. மந்திரி எழுந்து, சமயமென்றால் ஏற்கத் தயாராக வந்தேன், உரிமையென்றால் முடியாது என்று சொல்லி உட்கார்ந்தார். பாக்கியத்தின் கட்சித் தலைவர் முன்னால் இருந்து திரும்பி, விடாதே என்பதுபோல் கையைக் காட்டினார். நடுவில் பாக்கியம் தாளைப் பிடித்தபடி நின்றார். எதற்கு இந்தக் கலவரம் என்று அவருக்குத் தெரியவில்லை.

சபாநாயகர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எங்களைப் பார்த்தார். சேவகர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதில் எழுதியிருந்தது.

இளையவர்களே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்போது நமக்கு யோசிக்கக் கிடைப்பது பேனா மூடியைக் கழற்றுகிற நேரம்தான். 'காலம்' என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால் ஒழுங்குப் பிரச்சினை அங்கேயே விழுந்துவிடும். மந்திரி ஏற்பார், அக்காவின் வீடு நிற்கும். அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சொல் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அதற்கு அகராதியில் என்ன பொருள் என்று நான் சொல்லலாம். அவர் என்ன கேட்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது? அதிலும், இப்போது சபை முழுக்க அதை உரிமை என்று கேட்டுவிட்ட பிறகு? 'தமிழில் இச்சொல்லுக்குக் காலம் என்று பொருள். உறுப்பினர் கருதியது எது என்பதை உறுப்பினரே கூறவேண்டும்' என்று எழுதினேன். காகிதத்தைப் பக்கத்தில் நகர்த்தினேன். கூடுதல் செயலாளர் குனிந்து படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் சேவகரிடம் கொடுத்தார்.

சபாநாயகர் அதைப் படித்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். பாக்கியத்திடம் மெதுவான மலையாளத்தில் விளக்கினார். நீங்கள் சொன்ன வார்த்தைக்கு உங்கள் மொழியில் ஒரு பொருள், எங்கள் மொழியில் வேறு பொருள். இங்கே இருப்பவர்கள் உரிமை என்று கேட்டுவிட்டார்கள். நீங்கள் கருதியது எது?

பாக்கியம் குனிந்தார். தாளைப் பார்த்தார். தான் எழுதிய வார்த்தையை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"எங்க ஊர்ல அவகாசம்னா டைம்தான் சார்" என்றார். "உரிமைங்கிற அர்த்தம் இப்பத்தான் தெரியுது. அது நல்ல அர்த்தமாத்தான் இருக்கு."

சில பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு சபாநாயகரிடமே கேட்டார்: "இந்த ரெண்டுல எதை இன்னிக்குத் தர முடியும்?"

தருவது தன் கையில் இல்லை, சபையின் கையில் இருக்கிறது, ஆனால் முறைப்படி நோட்டீஸ் இருப்பது சமயத்துக்கு மட்டும்தான் என்றார் சபாநாயகர். கட்சித் தலைவர் மறுபடி திரும்பிப் பார்த்தார். பாக்கியம் அந்தப் பக்கம் பார்க்காமல், "அப்ப டைம் குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மந்திரி ஏற்றார். குரல் ஓட்டில் திருத்தம் நிறைவேறியது. அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

சபை கலைந்ததும் அவர் எங்கள் அறைக்கு வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிவிட்டவர் மாதிரி இருந்தார். கட்சி ஆபீஸில் என்ன சொல்லப் போகிறார்களோ தெரியவில்லை என்றார். பிறகு, "அக்காவுக்கு வீடு நிக்கும்ல மேடம்?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். "அது போதும் இன்னிக்கு" என்று எழுந்தார். கதவருகே போய்த் திரும்பி, "நீங்க டைம்னு மட்டும் எழுதி அனுப்பியிருந்தா எனக்கு அந்த இன்னொரு அர்த்தம் சரியாத் தெரிஞ்சே இருக்காது, இல்லையா?" என்றார். நான் என்ன எழுதினேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மசோதாவுக்கும் அவர் திருத்தம் கொடுத்தார். ரோடு, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும். எல்லாம் தமிழில். எழுதி முடித்ததும் வார்த்தை வார்த்தையாகத் தொட்டு, மலையாளத்தில் இதுக்கு என்ன கேக்கும் என்று விசாரிப்பார். இரண்டு பேரும் ஒரே தாள்மேல் குனிந்து உட்கார்ந்திருப்போம். நான் வீட்டுத் தமிழில் ஒன்று சொல்வேன், அவர் மலைத் தமிழில் ஒன்று சொல்வார். இரண்டும் பொருந்தாமல் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிப்போம். எங்கள் காண்டீன் டீயை அவர் தொடமாட்டார். சக்கையைக் காய்ச்சுகிறார்கள் என்பார். மலையிலிருந்து டீத்தூள் கொண்டுவந்து எங்கள் அலமாரியில் வைத்திருந்தார். அந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் தோற்றன. தோற்ற பிறகு வந்து டீ போட்டுக் கொடுப்பார். வேலைக் காலத்தில் எது திரும்ப வேண்டும் என்று யாராவது கேட்டால், பதவி உயர்வையோ பாராட்டையோ நான் சொல்லமாட்டேன். அந்தப் பிற்பகல்கள்தான் வேண்டும்.

ஒரு தடவை ஸ்ரீவராகத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வீடு யார் பேரில் என்று கேட்டார். என் பேரில்தான், அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றேன்.

"வேலை போனா?"

"வேலைக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை."

"யாருமே உங்களைப் போகச் சொல்ல முடியாதா?"

முடியாது என்றேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். நான் பிறந்ததிலிருந்து சாய்ந்துகொண்டிருக்கும் சுவர் அது. அதுவரை நான் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. அன்று தலைவரின் கைஜாடையைப் பார்க்காததுதான் காரணமா, வேறு கணக்கா, எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. உறுப்பினர் விடுதி அறையைக் காலி செய்து ஊருக்குப் போகிற அன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். அடுத்த தடவை வந்தால் அந்த வார்த்தையையே எழுதுவேன், மலையாளத்தில் என்ன அர்த்தமோ அதோடு என்றார். நானும் அப்போது செக்‌ஷனில் இருப்பேன் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அடுத்த தடவை வரவில்லை. எனக்கு ஓய்வு வந்துவிட்டது. கூடுதல் செயலாளர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

சட்டம் அதன் வேலையைச் செய்தது. பக்கத்து அறை அக்காவைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோது, பாக்கியம் அந்தப் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பினார். அக்கா அந்த அறையிலேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். இன்னும் பல பேர் அப்படி இருக்கிறார்கள். மாற்று வீடு மட்டும் வரவில்லை. கட்டுகிறோம் என்கிறார்கள், கல் நட்டிருக்கிறார்கள். பாக்கியமும் அதே லயத்தில்தான் இருக்கிறார். அன்று கைப்பிள்ளையாக இருந்த மகள் திருப்பூரில் கல்யாணமாகி வசதியாக இருக்கிறாள். அம்மா வந்துவிடு என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் கூப்பிடுகிறாள். இவர் போகமாட்டேன் என்கிறார். பிரிவைக் கொண்டுவந்தவளே பூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றால் மற்ற அறைகளில் இருக்கும் கிழவிகளை நிம்மதியாக விடுவார்களா என்று கேட்கிறார்.

வாரத்தில் ஒருமுறையாவது போனில் பேசிக்கொள்கிறோம். எப்படி இருக்கீங்க என்றால், "இன்னும் அவகாசத்துலதான் இருக்கேன் மேடம்" என்பார். முதலில் இருவரும் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் போனில் கூப்பிட்டு, அன்று பஸ்ஸில் சொன்ன அந்தத் திருத்தத்தை எழுதிவிடலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சபையில் இல்லை, நான் செக்‌ஷனில் இல்லை. ஒரு திருத்தத்தைக் கொடுக்கவோ வாங்கவோ எங்கள் இருவருக்கும் எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் போனிலேயே உட்கார்ந்தோம். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வேலை முடிந்தவர், வேலையில் இருந்தபோது குடியிருந்த வீட்டில், அவரும் அவரைச் சார்ந்தவர்களும் வாழ்நாள் முழுவதும் குடியிருக்க. அந்த இடத்தில் நிறுத்தினார். தமிழில் உரிமை என்று எழுதலாம் என்றேன். எழுதுங்க என்றார். மலையாளத்தில் அவகாசம் என்றே போடலாம் என்றேன். அவர் அந்த வார்த்தையை ஒருதடவை சொல்லிப் பார்த்தார்.

பல நாட்கள் அதையே திருப்பித் திருப்பி எழுதினோம். மசோதாவின் எல்லைக்குள் அடங்குகிறதா, வேறு பிரிவோடு இடிக்கிறதா, எங்கே ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவார்கள் என்றெல்லாம் நானே எதிர்த்தரப்பாக நின்று பார்த்தேன். ஒரு நாள் இனித் திருத்த ஒன்றும் இல்லை என்று ஆயிற்று. எனக்குத் தெரிந்தவரை அதில் ஒரு ஓட்டை கிடையாது. என் வாழ்நாளில் நான் அமைத்த திருத்தங்களில் அதுதான் நல்லது.

முழுக்க ஒருதடவை படியுங்க என்றேன். பாக்கியம் எழுந்து நின்றார் போலிருக்கிறது. நாற்காலி நகர்வது கேட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாக, கடைசி வரை படித்தார். பிறகு நான் மலையாளத்தைப் படித்தேன்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படிச்சாச்சு. இனி என்ன?" என்று கேட்டார்.

அங்கே மழை தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.